பாடமா, கையூட்டா?

வீடியோ விளையாட்டை வகுப்பறையில் பாடக் கருவியாக வைக்கலாமா என்னும் கேள்வி இன்று நம் தென்காசி வட்டாரத்திலும் எழுந்துவிட்டது. விளையாட்டாகவே படிக்கலாம் என்னும் வாசகத்தைத் தனியார் பள்ளிகள் தம் சேர்க்கைத் துண்டறிக்கைகளில் அச்சிடத் தொடங்கியுள்ளன. மறுபுறம், திரையில் ஆடுவது எதுவாயினும் அது வீண் கேளிக்கையே, பள்ளிக்கூடத்துக்குள் அதற்கு இடமே கூடாது என்று நம் ஜமாஅத்துப் பெரியவர்கள் சிலர் உறுதியாகக் கூறுகின்றனர். ஒரு சாரார் கதவை அகலத் திறக்கின்றனர். மற்றொரு சாரார் இறுக மூடுகின்றனர். உள்ளே வருவது இன்னதென்று பார்ப்பவர் இரு தரப்பிலும் அரியராய் இருக்கின்றனர்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளை விளையாடும்போது அவன் உள்ளத்தில் படிவது எது? திரையில் எழுதியிருக்கும் பாடமா, அன்றி அந்த விளையாட்டின் விதியா? விதியே படிகிறது என்பது நமது வாதம். எந்த விளையாட்டில் விதியே பாடமாக அமைந்திருக்கிறதோ, அதை வகுப்பறை வரவேற்கலாம். பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதற்குக் கூலியாகப் பொன் நாணயங்களையும் விண்மீன்களையும் அள்ளி வீசும் விளையாட்டு கல்விக் கருவியன்று. பிள்ளைக்குத் தரும் கையூட்டு. அதை வாயிலிலேயே நிறுத்த வேண்டும்.

முதலில், கதவை மூடச் சொல்பவர்களோடு பேசுவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுமிடத்தில் விளையாட்டுக்கும் ஓர் இடம் தந்துள்ளார்கள். மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளை நல்லதொரு விளையாட்டில் ஈடுபட்டு இளைப்பாற வேண்டும். அதைத் தடுத்து ஓயாது ஓதச் சொன்னால் அவன் உள்ளம் மடியும், அறிவு மழுங்கும், கல்வியிலிருந்து தப்பும் உபாயத்தையே அவன் தேடுவான் என்பது அவர்களின் கருத்து. மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களைக் கெடுக்கும் என்பதை வரலாற்றறிஞர் இப்னு கல்தூனும் தம் 'முகத்திமா'வில் தனியே எடுத்து விளக்கியுள்ளார். விளையாட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிப்பது நம் முன்னோர் காட்டிய வழி அன்று.

எனினும் இதைக் கையில் எடுத்துக்கொண்டு, இமாம் அவர்களே அனுமதித்துவிட்டார்கள் என்று செயலி விற்பவர் எவரும் சொல்லிவிடலாகாது. அவர்கள் பேசியது பாடம் முடிந்தபின் வரும் இளைப்பாறுதலைப் பற்றி. பாடமே விளையாட்டாக வருவது வேறு செய்தி. அதை வேறாகவே ஆராய வேண்டும்.

அத்தகைய முயற்சியும் நமக்குப் புதிதன்று. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இசுலாமியத் தமிழ் நூல்களில் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் 'ஆயிரம் மஸலா', 1572ஆம் ஆண்டில் வண்ணப்பரிமளப் புலவரால் இயற்றப்பட்டது. அந்நூல் வினாவும் விடையுமாகவே நடக்கிறது. அடுத்து வரும் வினா எது, அதற்கு என்ன விடை வரும் என்னும் ஆவலே கேட்போரை இழுத்துச் செல்கிறது. அங்கே ஆவலும் அறிவும் ஒரே கயிற்றின் இரு புரிகள். அண்மைக் காலத்துக்கு வருவோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தத்தம் வேகத்தில் ஒரு கற்றல் ஏணியில் படிப்படியாக ஏறினர். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து ஆடலும் பாடலுமாகக் கற்பித்தது. நிலை கடந்து நிலை ஏறும் உத்தி வெளிநாட்டு வீடியோ நிறுவனங்கள் நமக்குக் கொடுத்த வரம் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

இனி, கதவைத் திறக்கச் சொல்பவர்களிடம் வருவோம். எல்லா விளையாட்டும் ஒன்றல்ல என்பதை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நுணுகி ஆராய்ந்துள்ளனர். அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் சதுரங்கம் பெருவழக்காக இருந்தது. அஸ்ஸூலி போன்ற வல்லுநர்கள் அதைப் பற்றி நூல்களே எழுதினர். அக்காலத்து அறிஞர்கள் அதை ஆராய்ந்தபோது முக்கியமாக மூன்று கேள்விகளைக் கேட்டனர். இதில் பந்தயப் பொருள் உண்டா? இது சிந்தனையால் நடக்கிறதா, பகடையால் நடக்கிறதா? இது தொழுகையையும் கடமைகளையும் விழுங்குகிறதா? பகடையை நம்பிய 'நர்து' விளையாட்டைப் பெரும்பாலோர் விலக்கினர். சதுரங்கத்தைப் பற்றிக் கருத்து வேறுபட்டது. ஹனஃபிகள் கண்டிப்புக் காட்டினர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அதை விரும்பவில்லையாயினும், பந்தயமும் கடமை மறதியும் இல்லாதபோது அது ஹராம் என்று சொல்லவில்லை. தீர்ப்பு எதுவாயினும் விசாரணை முறையைக் கவனியுங்கள். பெயரைப் பார்த்து அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. ஆட்டத்தின் உள்ளமைப்பைப் பிரித்துப் பார்த்தார்கள்.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் வாய்ப்பை நம்பிய ஆட்டங்களுக்குச் செல்லும் என்றும், ரம்மியும் போக்கரும் திறனால் ஆடப்படுபவை என்றும் கூறியது. நர்தா, சதுரங்கமா என்ற பழைய விவாதம் கறுப்பு அங்கி அணிந்து மீண்டும் நின்றது என்றே நமக்குத் தோன்றியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், திறன், வாய்ப்பு என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. கல்விக்கும் பொழுதுபோக்குக்குமான விளையாட்டுகளைத் தனியே பிரித்து ஊக்குவிப்பதாகவும் கூறிற்று.

இந்தப் பிரிவு எளிதில் கரைந்துவிடும் கோடு என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் மாயப்பெட்டிகளைக் கொண்ட விளையாட்டுகளைப் பெல்ஜியம் நாடு 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. அவற்றில் சில, சிறுவர் பெருமளவில் ஆடி வந்தவை. கணக்குச் சொல்லித் தரும் செயலி ஒன்றில் சரியான விடைக்கு ஒரு பெட்டி பரிசாக வந்து, அதற்குள் தொப்பியா, வாளா, வெறுங்காற்றா என்று பிள்ளை ஏங்கி நிற்பானாயின், அங்கே அவன் பழகுவது கணக்கா, பகடையா?

நம் முன்னோர் கேட்ட மூன்று கேள்விகளோடு வகுப்பறைக்கென்று நான்காவது கேள்வி ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆட்டத்தின் விதியும் கற்க வேண்டிய பொருளும் ஒன்றா?

நம் வீட்டுத் திண்ணையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பரமபதப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணியின் அடியில் நற்குணம். பாம்பின் வாயில் தீக்குணம். படம் சொல்லும் போதனை உயர்ந்ததுதான். ஆனால் விதி என்ன? தாயம் விழுந்தால் ஏறுவாய், விழாவிட்டால் இறங்குவாய். நற்குணத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆடுபவனுக்கு இல்லை. நூறுமுறை ஆடிய பிள்ளையும் நல்லவனாக முயல்வதைக் கற்கமாட்டான். தாயம் விழ வேண்டுமென்று ஏங்கவே கற்பான். இனி ஆடு புலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலிகளுக்கு எதிரே பதினைந்து ஆடுகள். அதில் எந்தப் போதனையும் எழுதப்படவில்லை. ஆயினும் ஆடுகளைத் தனித்தனியே விட்டால் புலி தாவி வெட்டும், ஒன்றன் பின்னால் ஒன்றாக நெருங்கி நின்றால் புலி அடைபடும் என்பதை எட்டு வயதுப் பிள்ளை நான்கு ஆட்டத்தில் கண்டுகொள்கிறான். எளியவர் கூடி நின்றால் வலியவன் அசைய முடியாது என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை, விதி சொல்லிற்று.

சந்தையில் இன்று கல்வி விளையாட்டு என்று விலைபோகும் பலவும் பரமபத வகையைச் சேர்ந்தவை. ஏழெட்டு எவ்வளவு என்று திரை கேட்கிறது. நான்கு விடைகளைக் காட்டுகிறது. சரியானதைத் தொட்டால் ஒரு நாணயம். தவறானதைத் தொட்டால் இழப்பு ஒன்றுமில்லை. பிள்ளைகள் மதியீனர்கள் அல்லர். யோசிப்பதைவிட நான்கையும் வேகமாகத் தொடுவது இலாபம் என்பதை அவர்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து விடுவார்கள். அந்த ஆட்டத்தின் விதி அதையே கற்பிக்கிறது. பெருக்கல் அங்கே வாயிற்காவலன் மட்டுமே. அவனைத் தாண்டி நாணயத்தை அடைவதே பிள்ளையின் நோக்கமாகிவிடுகிறது. நாணயம் நின்ற நாளில் பெருக்கலும் நின்றுவிடும்.

குற்றாலத்தில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை நினைக்காதிருக்க முடியாது. 1954இல் மறையும்வரை தம் பிற்கால வாழ்வை அவர் இவ்வூரிலேயே கழித்தார். இராஜாஜியும் கல்கியும் அவரை நாடி இங்கே வந்தனர். ஒரு பாடலை எடுத்துக்கொண்டு சொல் சொல்லாகச் சுவைத்து, கேட்பவரையும் சுவைக்க வைப்பது அவர் முறை. இன்பமே கல்வியின் வாயில் என்பதில் அவரைவிட உறுதியானவர் யார்? ஆனால் அந்த இன்பம் பாடலிலிருந்தே ஊறியது. பாடலைக் கேட்டதற்காகத் தனியே ஒரு மிட்டாய் கொடுத்து இன்பப்படுத்தியவர் எவருமில்லை. பொருளிலிருந்து ஊறும் இன்பம் வேறு. பொருளின்மேல் பூசிய இனிப்பு வேறு. கல்வி இன்பமாக இருக்க வேண்டாமா என்று நம்மை மடக்க வருவோர்க்கு இதுவே நம் விடை.

விதியே பாடமான கணினி விளையாட்டு உண்டா என்று கேட்கலாம். உண்டு, அதன் வரலாறும் நெடியது. 1971இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பயிற்சி ஆசிரியராக இருந்த டான் ராவிட்ச் என்பவர், தம் நண்பர் இருவருடன் சேர்ந்து 'ஓரிகன் டிரெயில்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்தவர்களின் பயணமே அதன் பொருள். கையிலுள்ள பணத்தில் உணவுக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று மாணவர் முடிவு செய்ய வேண்டும். துணியில் சிக்கனம் செய்தவர் மலைக்குளிரில் வருந்துவர். அன்று அதற்குத் திரைகூட இல்லை. தொலைபேசிக் கம்பி வழியே எங்கோ இருந்த கணினியோடு இணைந்த தட்டச்சு எந்திரம் ஒன்று தாளில் அடித்துக் கொடுத்தது. ஒரே எந்திரத்தைச் சுற்றி அமர்ந்த மாணவர்கள் வரைபடம் பார்ப்பவர், வரவுசெலவு பார்ப்பவர், விரைந்து தட்டச்சுச் செய்பவர் என்று தம்முள் வேலையைப் பிரித்துக்கொண்டனர். ஒவ்வொரு கைக்கும் ஒரு கருவி தந்தால்தான் கல்வி என்பார் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த நல்ல விளையாட்டிலும் ஒரு பெருங்குறை இருந்தது. வண்டியில் சென்றவர்களின் கண்கொண்டே அது உலகைக் காட்டிற்று. அவர்கள் சென்று குடியேறிய நிலம் யாருடையது, அங்கிருந்த செவ்விந்தியர் என்னவாயினர் என்பதற்கு அதன் விதியில் இடமில்லை. அரை நூற்றாண்டு கழித்து 2021இல் வெளிவந்த புதிய பதிப்பில்தான் அம்மக்களைச் சேர்ந்த அறிஞர்களின் துணையோடு அது திருத்தப்பட்டது. விதியே பாடம் என்றால், விதியை எழுதியவனின் பார்வையும் பாடமாகிவிடும். பாடநூலில் தவறிருந்தால் கண்ணுக்குத் தெரியும். விதிக்குள் ஒளிந்த தவறு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி, இதில் யார் இல்லை, ஏன் இல்லை என்று கேட்கும் ஆசிரியர் இன்றியமையாதவர். அவரை அகற்றிவிட்டு அவ்விடத்தில் ஒரு கருவியை வைப்பதற்கு விளையாட்டைச் சாக்காகக் கொள்வோர்க்கு நாம் ஒருபோதும் உடன்படோம்.

வெளிநாடுவரை போவானேன்? செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் கேரளத்தின் கொல்லம் மாவட்டம். 1956வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அந்த மலைக்கு அப்பால், அரசே 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் அதைக் 'கைட்' என்னும் பொது நிறுவனமாக்கியது. தொடக்க வகுப்புகளுக்கு அது வெளியிட்ட கணினிப் பாடநூலின் பெயரே 'களிப்பெட்டி', அதாவது விளையாட்டுப் பெட்டி. பள்ளிக் கணினிகளில் அவர்கள் ஏற்றியவை விலையில்லாத கட்டற்ற மென்பொருள்கள். 'ஜிகாம்ப்ரி', 'டக்ஸ் பெயின்ட்' போன்ற அம்மென்பொருள்களில் விளம்பரம் இல்லை. பிள்ளையின் பெயரும் வயதும் கேட்டு எங்கோ அனுப்பும் வேலை இல்லை. மேலும் ஆட வேண்டுமானால் பணம் கட்டு என்னும் பூட்டும் இல்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சியையும் அரசே அளித்தது. எல்லாம் குறையற்றவை என்று நாம் சொல்லவில்லை. எதை ஏற்பது என்பதை விற்பவன் முடிவு செய்யாமல் கற்பிப்பவர் முடிவு செய்தனர் என்பதே நாம் காட்ட விரும்புவது. கல்வித் தொழில்நுட்பத்தைப் பற்றி 2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலக அறிக்கையும், நன்மைக்குக் காட்டப்படும் சான்றுகளில் பலவற்றை விற்பவர்களே தயாரிக்கிறார்கள் என்று எச்சரித்தது.

மலைக்கு இப்பாலும் செய்ய முடியாதது ஒன்றுமில்லை. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, அணைக்கட்டுகளின் வழியே குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போய்த் தாமிரபரணியில் கலக்கிறது. இதையே ஓர் ஆட்டமாக்குங்கள். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவும் ஒரு குளம். தென்மேற்குப் பருவத்தில் இவ்வளவு நீர், வடகிழக்கில் இவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் சாகுபடிக்கு மடையை எத்தனை நாள் திறப்பது, பிசானத்துக்கு எவ்வளவு தேக்குவது, மறுகால் பாயவிடுவதா, கரையை உயர்த்தித் தானே வைத்துக்கொள்வதா என்பதை ஒவ்வொரு குழுவும் முடிவு செய்யட்டும். முதல் நாள் தாளும் புளியங்கொட்டையும் போதும். பிறகு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2007இல் விலையின்றி வெளியிட்ட 'ஸ்கிராச்' போன்ற மென்பொருளில் மாணவர்களே அதை அமைக்கட்டும். தாளில் ஓர் ஆண்டை ஆடி முடிக்க ஒரு பாடவேளை ஆகும். கணினியில் அதே நேரத்தில் இருபது ஆண்டுகளை ஓட்டிப் பார்க்கலாம். கணினிக்கு வகுப்பறையில் உரிய இடம் இத்தகையது. மேல்குளத்தார் பேராசைப்பட்டால் கடைமடை காய்வதையும், கடைமடை காய்ந்தபின் மேல்குளத்தார்க்கும் என்ன நேர்கிறது என்பதையும் பிள்ளைகள் தங்கள் முடிவின் விளைவாகவே காண்பார்கள். மூன்றாம் ஆண்டில் ஆசிரியர் ஆட்டத்தை நிறுத்தட்டும். ஏன் காய்ந்தது என்று ஒவ்வொருவரும் குறிப்பேட்டில் எழுதட்டும். மறுநாள் அருகிலுள்ள குளக்கரைக்கு நடந்து சென்று உண்மை மடையைப் பார்க்கட்டும். இதில் நாணயம் எங்கே, விண்மீன் எங்கே? தேவையே எழவில்லை.

இதற்கெல்லாம் நேரம் ஏது, தேர்வு நெருங்குகிறதே என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நூறு பாடங்களையும் இப்படி நடத்தச் சொல்லவில்லை. ஒன்று அசைந்தால் மற்றொன்று அசையும் பொருள்கள் சில உண்டு. நீர்ப்பங்கீடு, சந்தை விலை, நோய் பரவல், காட்டுயிர்ச் சமநிலை போன்றவை. அவற்றைக் கரும்பலகையில் அம்புக்குறியிட்டு விளக்குவது கடினம். ஆடிப் பார்த்தால் எளிது. பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். திருக்குறளையும் வாய்பாட்டையும் குர்ஆன் ஓதலையும் மனப்பாடம் செய்யும் வழி வேறு. அங்கே விளையாட்டு குறுக்கே வர வேண்டியதில்லை.

இவ்வளவு வாதாடுவானேன், பிள்ளைகள் எப்படியும் ஆடத்தானே போகிறார்கள் என்று சிலர் அலட்சியமாகக் கூறுவர். இந்த அலட்சியத்தின் விலையைக் கொடுப்பவர் யார்? தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கங்களில் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மார் எத்தனை பேர்! 2020இல் பள்ளிகள் மூடியபோது, இணைய வகுப்புக்கென்று கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்களில் உண்டு. அந்தக் கைப்பேசி வகுப்பு முடிந்தபின்னும் பிள்ளையின் கையிலேயே நின்றுவிட்டது. வசதியுள்ள வீட்டில் பக்கத்தில் அமர்ந்து, போதும் என்று சொல்ல ஒருவர் இருப்பார். தட்டும் இலையுமாகத் தலை குனிந்திருக்கும் தாயால் திரையில் ஓடுவது பாடமா, பந்தயமா என்று எப்படிக் கண்டறிய முடியும்? பள்ளிக்கூடம் கொடுத்தது என்ற ஒரு சொல்லையே அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கையைப் பள்ளிக்கூடமே விற்றுவிட்டால் அவளுக்கு வேறு புகலிடம் இல்லை.

ஆகவே நாம் கேட்பவை சில. பள்ளி நிர்வாகத்தார் எந்த விளையாட்டையும் விலைக்கு வாங்குமுன் ஆசிரியர்கள் இருவர் அதை முழுவதும் ஆடிப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்லட்டும். பணம் கட்டும் பூட்டு, மாயப்பெட்டி, விளம்பரம் இவற்றுள் ஒன்றேனும் இருந்தால் மறுபேச்சின்றி விலக்கட்டும். அரசு, விலையில்லாத மென்பொருள்களை நல்ல தமிழில் ஆக்கிப் பள்ளிக் கணினிகளில் ஏற்றி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நேரமும் தரட்டும். ஜமாஅத்துப் பெரியவர்கள் திரையைக் கண்டதும் தீர்ப்புக் கூறாமல், சதுரங்கத்தை ஆராய்ந்த நம் முன்னோரைப் போல ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்துப் பேசட்டும். பேசினால் இளைஞர் செவி கொடுப்பர்.

விளையாட்டாகவே படிக்கலாம் என்னும் துண்டறிக்கையைக் கையில் வாங்கும் பெற்றோர் நீண்ட ஆராய்ச்சி எதுவும் செய்ய வேண்டாம். பள்ளி அலுவலகத்தில் நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த விளையாட்டிலிருந்து நாணயங்களை எடுத்துவிட்டால் என் பிள்ளை இதைத் தொடர்ந்து ஆடுவானா? ஆடுவான் என்று சொல்ல முடியாதவர்களிடம் உங்கள் பிள்ளையின் ஒரு பாடவேளையையும் ஒப்படைக்காதீர்கள்.